பொன்னிக்குப் பின்னால் ஒன்றே முக்கால் ஏக்கர்

1936ஆம் வருஷம் ஆவணி மாதம் திண்டிவனத்தில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தில் பொன்னி விழவில்லை. அவள் நின்ற இடத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை விளைகிற நிலம், விழுந்திருந்தது.

படம் அவளுக்காக எடுத்ததல்ல. வேங்கடேசனின் எண்ணெய் டின்னுக்காக எடுத்தது. வேங்கடேசன் அந்த வருஷம்தான் ரயிலடிக்குப் பக்கத்தில் இன்ஜின் வைத்த எண்ணெய் மில் திறந்திருந்தார். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போகிற டின்னில் ஒட்ட லேபிள் வேண்டும், அதில் டின்னின் படமே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டுடியோ வைத்திருந்த யூசுப் அலி கோட்டக்குப்பத்துக்காரர். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் தொழில் கற்றவர். அவரிடம் பின்னணிக்குத் தொங்கவிட எழுதின சீலைகள் மூன்று இருந்தன: அரண்மனைப் படிக்கட்டு, அன்னம் நீந்தும் குளம், தூண் வைத்த மாடி. மூன்றும் மாப்பிள்ளை பெண்ணுக்காக எழுதியவை. டின்னை அரண்மனைப் படியில் வைத்தபோது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. வெள்ளை வேட்டி கட்டிப் பார்த்ததில் டின்னின் ஓரம் வெள்ளையில் கரைந்துவிட்டது. கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு, எழவு வீட்டு விளக்கு மாதிரி இருக்கிறது என்று வேங்கடேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவப்பு வேண்டும் என்றார். அந்தக் காலத்துக் கண்ணாடிப் பிளேட்டில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெள்ளையாகவும் விழும் என்று யூசுப் அலி சொன்னதை அவர் நம்பவில்லை. வீட்டிலிருந்து அரக்குச் சேலை கொண்டுவரச் சொன்னார். அது மையாக விழுந்தது. ஒன்பது நாளில் பதினோரு பின்னணி மாற்றினார்கள்.

துணியின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினார்கள். மறு முனையைப் பிடிக்க மில் களத்தில் மல்லாட்டை உரிக்கும் பொன்னியைக் கூட்டிவந்தார்கள். அவள் பெருமுக்கல் சேரிக்காரி. புருஷன் காலராவில் போனபின் மகள் அம்சாவோடு திண்டிவனம் வந்து களத்தில் சேர்ந்தவள். பின்வாசல் வழியாக ஸ்டுடியோவுக்குள் வந்து, துணிக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்பது நாளும் ஆணி மாதிரி நின்றாள். ஒன்பதாம் நாள் வெளிச்சம் போதாமல் டின்னை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மேல்காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது, முக்காலி சாய்ந்தது. டின் நசுங்கினால் யார் தலையில் விடியும் என்பது பொன்னிக்குத் தெரியும். பாய்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். யூசுப் அலி அதற்குள் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டிருந்தார். பழக்கத்தில் நான்கு எண்ணி மூடினார்.

தூக்கிப் போடுவதற்கு முன் எதற்கும் கழுவிப் பார்ப்போம் என்று கழுவினார். டின் தெளிவாக இருந்தது. அதைப் பிடித்திருந்த கை இல்லை, பொன்னி இல்லை. டின்னுக்குப் பின்னால் பூத்த மல்லாட்டைக் கொல்லை, நான்கு எல்லைக் கல், படுத்த எருமை மாதிரி ஒரு பாறை, ஆள் ஆழத்துக்குத் தோண்டி நிறுத்திய ஒரு குழி, அதற்கும் பின்னால் உச்சியில் கோயிலோடு பெருமுக்கல் மலை. பெருமுக்கல் அங்கிருந்து ஏழு மைல். யூசுப் அலி லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். பிளேட் வாங்கிய புதுச்சேரிக் கடைக்குக் கடிதம் எழுதினார். ஈரம் பட்ட பிளேட்டாக இருந்தால் மாற்றித் தருவதாக ஒரு வாரத்தில் பதில் வந்தது.

வேங்கடேசன் காரணம் கேட்கவில்லை. இதையே போடு என்றார். அந்தக் கொல்லை பதினைந்து வருஷமாக அவர் கையில் இருந்தது. ஆனால் அவருக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அவர் ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை; அவருக்கு அது காகிதமாகத்தான் பழக்கம். அது பொன்னியின் அப்பன் பச்சைமுத்துவுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம். சேரிக்காரர்களுக்கென்றே ஒதுக்கியது, வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தது. இரண்டு வருஷம் பச்சைமுத்து உழுதார். கிணறு வெட்ட ஆரம்பித்தார். 1921இல் வேங்கடேசனின் ஆள் ஒருவர் வந்து, கிணற்றுக்குச் சர்க்கார் உதவி செய்கிறது, மனுவில் கைநாட்டு வை என்றார். பச்சைமுத்து கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தி வைத்தார். அந்தக் காகிதம் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைப் பத்திரமாக இருந்தது. குழி அந்த ஆழத்திலேயே நின்றுவிட்டது. பச்சைமுத்து அதே கொல்லையில் கூலிக்குக் களை எடுத்து, அதே வரப்பில் செத்தார்.

லேபிளில் படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டார்கள்: எங்கள் சொந்தக் கொல்லையில் விளைந்தது. மெட்ராஸில் ஐயாயிரம் அச்சடித்து வந்தது. பசை தடவி ஒட்டுகிற வேலையும் களத்துப் பெண்களுக்குத்தான். பொன்னி முதல் லேபிளை எடுத்ததும் பசைச் சட்டியைக் கீழே வைத்தாள். அப்பன் கஞ்சிச் சட்டியை வைக்கிற பாறை, அவர் இறங்கி நின்று மண் அள்ளிப்போட்ட குழி. லேபிளை எடுத்துக்கொண்டு நேராக வேங்கடேசன் உட்கார்ந்திருந்த கொட்டகைக்குப் போனாள்.

"ஆண்டே, இது எங்க கொல்லை."

வேங்கடேசன் லேபிளை வாங்கவில்லை. அவள் கையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"கொல்லைன்னா எல்லாம் ஒண்ணுதான் பொன்னி. மல்லாட்டைக்கு மூஞ்சியா இருக்குது?"

"இருக்குது ஆண்டே."

களத்து மேஸ்திரி சிரித்தார். அவர் சிரித்ததால் களத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பொன்னி திரும்பி வந்து அன்று நானூறு லேபிள் ஒட்டினாள். ஒவ்வொன்றையும் அறைந்து ஒட்டினாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

யூசுப் அலி தொழில்காரர். வேறு ஆட்களைப் பிடிக்க வைத்துப் பார்த்தார். வேறு யார் பிடித்தாலும் அவர்கள்தான் மூஞ்சியோடு விழுந்தார்கள். பொன்னி பிடித்தால் கொல்லை விழுந்தது. அன்றைக்கு அங்கே என்ன பருவமோ அந்தப் பருவத்தில் விழுந்தது. கார்த்திகையில் பிடுங்கிப்போட்ட செடி, மாசியில் வெறும் மண், பெருமுக்கலில் மழை பெய்தால் படத்திலும் மழை. செய்தி பரவி, சாமான் விற்கிற எல்லோரும் வந்தார்கள். விழுப்புரத்துச் சோப்புக்காரர் அப்பாதுரை தன் சோப்புக்குப் பின்னால் கொல்லையைப் பார்த்துவிட்டு யூசுப் அலியோடு சண்டைக்கு வந்தார்.

"சோப்புக்கு இன்னாத்துக்கு பாய் மல்லாட்டை? தண்ணி வேணும். ஆறு இல்ல, அருவி, எதுனா போடு."

பொன்னி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அங்க மழ பேஞ்சா வாங்க. அதான் எங்கிட்ட இருக்கிற தண்ணி."

அப்பாதுரை சத்திரத்தில் மூன்று நாள் தங்கினார். மூன்றாம் நாள் மதியம் பெருமுக்கல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மழையில் நனைகிற கொல்லைக்கு முன்னால் காய்ந்த சோப்பு நிற்கும் அந்தப் படம் காலண்டராக வந்தது. விழுப்புரத்தில் அது இல்லாத கடை இல்லை. கடைகளில் மட்டுமல்ல, வீடுகளிலும் மாட்டினார்கள். பொன்னி பிடித்த பித்தளைச் சொம்பை அவள் கண் முன்னாலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் எடுத்துப்போவார்கள். சோப்பைக் கழுவினால் கரையும் என்பதால் அதன் மேல் தெளிப்பதோடு விட்டார்கள். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த மண்ணைச் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள். அந்த வீடுகளின் வாசற்படியில் அவள் ஏற முடியாது. கொல்லை ஏறியிருந்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. 1938 பங்குனியில் ஒரு நாள் பொன்னி ஸ்டுடியோவுக்குப் பின்வாசல் வழியாக வராமல் முன்வாசலில் வந்து நின்றாள்.

"எங்கப்பன் கொல்லைய டப்பா டப்பாவா வித்துக்கினு இருக்கீங்க பாய்."

"நான் இன்னாம்மா பண்றது? வெளிச்சம் அப்படி விழுது."

"வெளிச்சத்து மேல பழியப் போடாதீங்க. மூடியத் தொறக்கறது நீங்க."

என்ன செய்ய வேண்டும் என்று யூசுப் அலி கேட்டார். என் கையில் எதையும் கொடுக்காமல் ஒரு படம் எடுங்கள் என்றாள். எடுத்தார். முன்னால் சாமான் இல்லாததால் கொல்லை பிளேட் முழுக்க விழுந்தது. வடகிழக்கு மூலைக் கல் பக்கத்தில் வந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் கல்லில் வெட்டிய சர்வே எண் தெரிந்தது: 212/3. யூசுப் அலி அதைப் பெரிதாகப் போட்டு, அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வெளியே வந்து, படத்தைக் கீழே வைக்கச் சொல்லி, பிறகு எடுத்துப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, பூதக்கண்ணாடி வாங்கி எண்ணைப் படித்தார். பதிவேட்டைப் புரட்டினார். 212/3 பச்சைமுத்து பேரில்தான் இருந்தது. குத்தகைப் பத்திரமும் இருந்தது.

"இதுல நீ எங்க இருக்கிற?"

"நான் நின்ன எடத்துலதாங்க கொல்ல இருக்குது."

"நீயே இல்லாத படத்தக் கொண்ணாந்து உன் நெலம்னா எப்படிம்மா? ஸ்டுடியோவுல அரமனகூடத்தான் விழுது. நாளைக்கு ஒருத்தன் அரமன என்துன்னு வருவான்."

"அது சீலையில எழுதனதுங்க. இது எழுதனது இல்ல."

"எழுதனதுதான் செல்லும். பத்திரத்துல எழுதியிருக்குது. உங்கப்பன் கைநாட்டு இருக்குது."

"எழுதனது யாருங்க?"

அந்தக் கேள்வி குமாஸ்தாவுக்குப் பிடிக்கவில்லை. படம் சான்றாகாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் மேசைக்குப் பக்கத்தில் வேங்கடேசன் மில் டின் ஒன்று இருந்தது. பொன்னி வாசலிலிருந்தே லேபிளைப் பார்த்தாள். அந்த ஆபீசில் 212/3 இரண்டு இடத்தில் இருந்தது, பதிவேட்டிலும் டின்னிலும். இரண்டும் அவளுக்கு உதவவில்லை.

அந்த ஆனியில் அவள் பெருமுக்கலுக்குக் களையெடுக்கப் போனாள். சொந்தக் கொல்லையில், அப்பனைப் போலக் கூலிக்கு. வடகிழக்கு மூலையில், கல்லுக்கு அருகே, கட்டில் அளவுக்கு மண் இல்லை. அங்கே வெளுத்து இழுத்துக் கட்டிய துணி மாதிரி வெள்ளையாக இருந்தது. களைக்கொட்டால் கொத்தினால் சத்தம் வரவில்லை. எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சுண்ணாம்பு என்றார் அங்கே வேலை வாங்கிய மேஸ்திரி. மற்ற பெண்கள் தாண்டிப் போனார்கள். பொன்னி கொல்லை முழுக்க நடந்து பார்த்தாள். அங்கங்கே உள்ளங்கை அளவிலும் முறத்தின் அளவிலும் வெள்ளை இருந்தது. ஒவ்வொன்றும் எந்தச் சாமானைப் பிடித்த நாளில் முதுகுக்குப் பின்னால் இருந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. மழையில் எடுத்த சோப்புக்கு ஒன்று, சொம்புக்கு ஒன்று. சாமான் எதுவும் மறைக்காமல் எடுத்த படத்துக்குத்தான் கட்டில் அளவு. படத்துக்குப் போன மண் திரும்பி வரவில்லை.

வரப்பில் உட்கார்ந்தாள். மேஸ்திரி இரண்டு தரம் ஏசினார். மூன்றாம் தரம் ஏச வாயெடுத்தபோது அவள் களைக்கொட்டை அங்கேயே போட்டுவிட்டு ஏழு மைல் நடந்து ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"வேற இன்னா புடிக்கணும் பாய்?"

அன்றிலிருந்து அவள் எந்த வேலையையும் வேண்டாமென்று சொல்லவில்லை. யூசுப் அலி மாதம் ஒரு முறை கேமராவை ரயிலில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோய், ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் வைத்துப் படம் எடுத்தார். பொன்னி கூடப் போனாள். குடை, மூக்குப்பொடி, பூட்டு, விளக்கெண்ணெய்ப் புட்டி என்று எது வந்தாலும் பிடித்தாள். ஒரு தரம் ஆர்மோனியப் பெட்டியை முக்கால் மணி நேரம் பிடித்தபடி நின்றாள். நிற்கிற விதத்தில் பின்னணி மாறும் என்பதைக் கண்டுபிடித்தாள். மேற்கே பார்த்து நின்றால் மலை, இடது காலில் கனத்தை வைத்தால் பாறை, கொஞ்சம் குனிந்தால் கிணற்றுக் குழி. வியாபாரிகள் சாமானுக்குப் பின்னால் என்ன வேண்டும் என்று வாதாடுவார்கள். பக்கத்துக் கேதார் ஊரிலிருந்து வந்த வெல்ல வியாபாரி ஒருவர், வெல்லம் மங்கலாகத் தெரிகிறது, பின்னால் வெளுத்த வரப்பாகக் கொடு என்று ஒரு காலை முழுக்கக் கெஞ்சினார். அன்றைக்கு எதை எடுக்க வேண்டும் என்று பொன்னி நினைத்து வந்தாளோ அதைத்தான் கொடுத்தாள். பச்சைமுத்து தோண்டிய குழியை முதலில் எடுத்தாள். பிறகு பாறை. நான்கு கல்லையும் நான்கு ஊதுவத்திப் பெட்டிக்குப் பின்னால் எடுத்தாள். நல்ல மண்ணுள்ள பாத்திகளைச் சிறிய சாமானுக்குத்தான் கொடுத்தாள். சாமான் சிறியதானால் பின்னால் அதிக இடம் விழும்.

யூசுப் அலிக்கு விஷயம் தெரியும். உலகச் சண்டை வந்து பிளேட் கிடைக்காமல் போனபோது புதுச்சேரியில் பழைய சரக்கைத் தேடி வாங்கினார். வியாபாரி வராத நாளில் தன் மேசையில் இருந்த பித்தானையும் பாக்கையும் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்தார். அதன் பிறகு எல்லோரும் முன்வாசலில்தான் வர வேண்டியிருந்தது. சிலர் அதற்காகவே அவரிடம் வருவதை நிறுத்தினார்கள். 1942இல் குண்டு விழும் என்று மெட்ராஸ் காலியானபோது வியாபாரிகள் மூட்டை முடிச்சோடு விழுப்புரத்தில் வந்து இறங்கினார்கள். சரக்கு இருந்தது, கடை இல்லை, விளம்பரம் வேண்டியிருந்தது. அந்த ஒரு சித்திரையில் மட்டும் அரை ஏக்கர் படத்துக்கு வந்தது.

மகசூல் குறைவதற்கு மேஸ்திரி முதலில் பூச்சியைச் சொன்னார், பிறகு மழையை, பிறகு களையெடுக்கிற பெண்களை. 1943 ஐப்பசியில் வேங்கடேசன் முதல் தடவையாகக் காரில் ஏறிக் கொல்லையைப் பார்க்க வந்தார். ஒன்றே முக்கால் ஏக்கரும் வெள்ளையாக, மேடு பள்ளம் இல்லாமல், இழுத்துக் கட்டியது மாதிரி கிடந்தது. சுற்றியிருந்த கொல்லைகள் பச்சையாக இருந்தன. உழச் சொன்னார். மாடு கால் வைக்கவில்லை. ஆட்களே ஏரை இழுத்தார்கள், தண்ணீரில் இழுத்தது மாதிரி போயிற்று. பத்து வண்டி மண் கொட்டினார்கள். மண் நழுவி நழுவி அடுத்த கொல்லைக்குப் போனது. வேங்கடேசனுக்குக் கோபம் வந்தது, இல்லாத நிலத்துக்குத் தான் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கோபம். குத்தகையை விட்டுவிடுவதாகத் தாலுகாவுக்கு எழுத முடிவு செய்து, கூடவே வைக்கப் படம் எடுக்க யூசுப் அலியை அழைத்தார். யூசுப் அலி கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"இது வெறும் பின்னணிங்க. முன்னால எதுனா வச்சாத்தான் படம்."

வேறு எதுவும் அங்கே இல்லாததால் வேங்கடேசனே போய் நின்றார். படம் நன்றாக வந்தது. வெள்ளையில் தனியாக, நிழல்கூட இல்லாமல், ஜரிகைத் துண்டும் செருப்புமாக விற்பனைக்கு வைத்த சாமான் மாதிரி இருந்தார். அப்படி ஒரு சுத்தமான பின்னணியைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்று யூசுப் அலி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படத்தைக் குமாஸ்தா வாங்கிக்கொண்டார். அதே குமாஸ்தா. படம் சான்றாகாது என்று சொல்லவில்லை. இதில் நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. வேங்கடேசனை உட்காரச் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்ததைக் கோப்பில் சேர்த்து, குத்தகையை ரத்து செய்தார்.

மறு வாரம் பொன்னி போனாள். பச்சைமுத்துவின் வாரிசு என்ற முறையில் 212/3ஐத் தன் பேருக்கு மாற்றித் தர வேண்டும் என்று மனு கொடுத்தாள். மனுவை எழுதியது அம்சா. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எழுதியதை மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பொன்னி கைநாட்டு வைத்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லியேம்மா," என்றார் குமாஸ்தா.

"அந்த ஒண்ணுமில்லாதத எம்பேருக்கு எழுதுங்க."

ஆட்சேபிக்க யாரும் இல்லை. ஒன்றுமில்லாததை ஒரு சேரிக்காரிக்கு எழுதித் தருவதில் குமாஸ்தாவுக்குத் தடை எதுவும் தெரியவில்லை. 1944 தை மாதம் பட்டா வந்தது. அதை வாங்கிக்கொண்டு பொன்னி வெளியே வந்தபோது வேறு வேலையாக வந்திருந்த வேங்கடேசன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டிருந்தார். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"அத வச்சிக்கினு இன்னாடி பண்ணுவ?"

"நிப்பேன்."

ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முன்னாலும் பின்னாலும் அதில் ஆண்டே இல்லை. கொல்லை போனபோது வராத கோபம் வேங்கடேசனுக்கு அப்போது வந்தது என்று அன்று தாழ்வாரத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

முதல் மழை விழுந்த பிறகு பொன்னி பெருமுக்கலுக்குப் போனாள். சேரியில் பாதிப் பேர் கூடப் போனார்கள். மேற்கு எல்லையில், வெள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் நின்றாள். அவள் குதிகாலிலிருந்து மண் விரிந்தது. ஈர மண், வரப்பு, நான்கு கல், பாறை, குழி. ஏழு வருஷம் படம் படமாக எடுத்தது ஒரு துண்டு குறையாமல் வந்தது. குழியில் மழைத்தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. கூட வந்தவர்கள் இறங்கி நடந்து பார்த்தார்கள். கால் புதைந்தது. எல்லோரும் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் பொன்னி தானும் பார்க்கத் திரும்பினாள். அவளுக்கு முன்னால் வெள்ளை இருந்தது. பாறையில் ஏறியிருந்த இரண்டு பேர் அப்படியே வெள்ளையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி முதுகைக் காட்டினாள். அவர்கள் பாறைமேல் இருந்தார்கள்.

அவள் திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று தெரியவில்லை. வேங்கடேசனை, குமாஸ்தாவை, மூடியைத் திறந்த யூசுப் அலியை, கைநாட்டு வைத்த அப்பனை, இது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உச்சியில் இருந்த சாமியை. அரை மணி நேரம் திட்டினாள், முதுகைத் திருப்பாமல். பிறகு ஏர் கொண்டுவரச் சொன்னாள்.

அந்த வருஷம் விதைத்தது இப்படி. பொன்னி மேற்கு வரப்பில் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். அம்சாவும் சொந்தக்காரர்களும் அவளுக்குப் பின்னால் உழுதார்கள், விதை போட்டார்கள், களை எடுத்தார்கள். அவள் எழுந்து திரும்பினால் எல்லோரும் வேலையை நிறுத்தி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். செடி எவ்வளவு உயரம், இலை எப்படி என்று அம்சா முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். கார்த்திகையில் செடி பிடுங்கும்போது தானும் பிடுங்க வேண்டும் என்று பொன்னி பிடிவாதம் பிடித்தாள். வரப்பிலிருந்து இறங்கி, பின்பக்கமாக ஓரடி ஓரடியாக நகர்ந்து, கையைப் பின்னால் விட்டுத் துழாவிப் பிடுங்கினாள். கொத்தை முன்னால் கொண்டுவந்ததும் அது மறையவில்லை. பிடுங்கினது பிடுங்கினதாக இருந்தது. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஊர் இரண்டு வருஷத்தில் பழகிக்கொண்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் பொன்னி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு குறுக்கே நடந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்களுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருந்தது. 1947 ஆவணியில், சுதந்திரம் வந்து பத்து நாளைக்குள், பயிர்க்கணக்கு எடுக்க ஒரு புது ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். பொன்னி அன்று கிழக்கே பார்த்து நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு வெள்ளைதான் தெரிந்தது. கூட வந்த தலையாரி விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, கொஞ்சம் திரும்பி நில்லு என்று பொன்னியிடம் சொன்னார்.

"நீங்க சொல்லி நான் திரும்ப மாட்டேங்க. நானா திரும்பறப்ப பாத்துக்கோங்க."

தலையாரி பதறினார். இன்ஸ்பெக்டர் யோசித்தார். தன் கையில் இருந்த விதிகளில் இதற்கு எதிராக எதுவும் இல்லை. பனைமரத்து நிழலில் போய் உட்கார்ந்தார். பொன்னி பேச்சை முடித்தாள், கஞ்சி குடித்தாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு ஒரு தரம் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு அடங்கலில் எழுதினார்: 212/3. பட்டாதாரர் பொன்னி. பட்டாதாரர் தாமாகத் திரும்பும்வரை காத்திருந்து பார்வையிடப்பட்டது. மல்லாட்டை. நல்ல பூ.